நெவில் கோப்பை கழுவிய நாள்

வேலையை விட்டுப் போவதற்கு உலகத்தில் எத்தனையோ வழிகள் இருக்கின்றன. கத்தலாம். கதவை அறைந்து சாத்தலாம். மறுநாள் வராமலே இருந்துவிடலாம். நெவில் ஹாக்பென்னுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். கோப்பை கழுவுவது.

அவர் கிளாஸ் ஹெரான் என்ற ராக் இசைக்குழுவின் பேஸ் கிட்டார்க்காரர். கேன்டர்பரியில் கலைக் கல்லூரிப் பையன்கள் ஐந்து பேர் சேர்ந்து ஆரம்பித்த குழு. அவர்களுடைய பாட்டு ஒன்று இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஓடும். நடுவில் தாளம் ஏழாகும், பதினொன்றாகும், திடீரென்று புல்லாங்குழல் வரும், மறுபடி இடி இடிக்கும். அதற்கு யாராலும் ஆட முடியாது. ஆடவேண்டும் என்று அவர்கள் எதிர்பார்க்கவும் இல்லை. அந்தக் காலத்தில் தோள்வரை தலைமயிர் வளர்த்த பையன்கள் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டார்கள். இப்போது அதே பையன்கள் தலையில் ஒன்றுமில்லாமல், மெத்தை நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக் கேட்கிறார்கள். சிலர் தூங்குகிறார்கள். இடைவேளையில் ஆண்கள் கழிப்பறை வரிசை அரங்கையே ஒரு சுற்றுச் சுற்றிவிடும். பெண்கள் பக்கம் ஈ காக்கை இருக்காது.

ஐந்து பேரில் முதலில் போனவன் பியர்ஸ், கிட்டார்க்காரன். அப்பாவின் வக்கீல் அலுவலகத்தில் சேரப் போகிறான், அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அவர்கள் ஒத்திகை பார்த்தது தேவாலயத்தை ஒட்டிய ஒரு கூடத்தில். கூடத்துக்குச் சாவி வைத்திருந்த மிஸஸ் கேட் என்ற அம்மாள், தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்க்காவிட்டால் அடுத்த வாரம் கதவைத் திறக்கமாட்டாள். ஆகவே முறை வைத்துக் கழுவினார்கள். அன்றைக்குப் பியர்ஸின் முறை இல்லை. ஆனாலும் எழுந்து போய் எல்லாக் கோப்பைகளையும் கழுவினான், துடைத்தான், துணியை ஆணியில் மாட்டினான், "சரி, அப்போ" என்றான். எல்லோருக்கும் புரிந்துவிட்டது. யாரும் எதுவும் கேட்கவில்லை. இந்த ஊர்ப் பையன்களுக்கு இதைவிட வசதியான ஏற்பாடு கிடைக்குமா? அழ வேண்டாம், கட்டிப்பிடிக்க வேண்டாம், காரணம் சொல்ல வேண்டாம். அன்றிலிருந்து அது குழுவின் வழக்கமாகிவிட்டது. விலகுகிறவன் கோப்பை கழுவுவான்.

பிறகு ஒவ்வொருவராகக் கழுவினார்கள். ஆர்கன் வாசித்த ரூபர்ட், பெரிய பாட்டுகளையெல்லாம் எழுதியவன், ஒரு பாட்டைப் பாதியாக வெட்டச் சொன்னார்கள் என்று கோபித்துக்கொண்டு கழுவினான். பாடகன் ஸ்காட்லாந்தில் ஆடு வளர்க்கப் போகிறேன் என்று கழுவினான். டிரம்ஸ் அடித்த காலின் மட்டும் கழுவவில்லை. அவன் குழுவில் இருக்கும்போதே மாரடைப்பில் செத்துப்போனான். அவர்கள் இடத்துக்கு வந்தவர்களும் போனார்கள். ஒரே ஒரு இசைத்தட்டில் வாசித்துவிட்டுப் போன புல்லாங்குழல்காரர், ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளாத அண்ணன் தம்பி இருவர், தாளம் தவறினால் நார்வே மொழியில் திட்டுகிற ஒரு நார்வேக்காரர் என்று வந்து போனவர்களின் பெயர்களை இப்போது ரசிகர்கள்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

நெவில் போகவில்லை. அவருக்குக் குழுவின்மேல் தனிப் பாசம் என்று பத்திரிகைகள் எழுதின. அதெல்லாம் இல்லை. மனிதர் மெதுவான ஆள், அவ்வளவுதான். போகலாமா என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் இன்னொருவன் எழுந்து கோப்பை கழுவுகிற தொட்டிப் பக்கம் போய்விடுவான். ஒரே மாதத்தில் இரண்டு பேர் போனால் நன்றாகவா இருக்கும் என்று இவர் உட்கார்ந்துவிடுவார். அப்படி உட்கார்ந்து உட்கார்ந்தே ஐம்பது வருஷம் ஓடிவிட்டது.

கடைசியில் அவர் எழுந்திருக்கவே முடியாதபடி ஒரு விதி வந்து சேர்ந்தது. அரங்குக்காரர்கள் பழைய குழுக்களை வாடகைக்குப் பிடிக்கும்போது, ஆரம்பத்தில் இருந்தவர்களில் ஒருவராவது மேடையில் இருக்கவேண்டும் என்பார்கள். ஒருவர் இருந்தால் அது கிளாஸ் ஹெரான். ஒருவரும் இல்லையென்றால் கிளாஸ் ஹெரான் மாதிரி வாசிக்கிற ஏதோ நாலு பேர். அவர்களுக்குச் சாராயக் கடையின் பின்னறைதான் கிடைக்கும். ஆக, நெவில் மேடையில் இருந்தால்தான் மற்ற நாலு பேருக்கும் பிழைப்பு. விரல் கணுக்கள் எல்லாம் வீங்கிப்போயிருந்தன. குளிர்காலத்தில் காலையில் சட்டைப் பொத்தான் போடவே வெந்நீரில் கையை வைக்கவேண்டும். ஆனாலும் மேடையில் நின்றார்.

மனைவி மொரீன் மூன்று முறை அவரிடம் உறுதிமொழி வாங்கியிருந்தாள். இந்தச் சுற்றுப்பயணத்தோடு சரி, இந்த இசைத்தட்டோடு சரி, அறுபத்தைந்து வயதோடு சரி என்று மூன்றும் காற்றில் போயின. நாலாவது முறை அவள் எதுவும் கேட்கவில்லை. கேன்டர்பரி வீட்டை விற்றுவிட்டு வடக்கே விட்பியில், கடலைப் பார்த்த மாதிரி ஒரு சின்ன வீட்டை வாங்கினாள். அவளுடைய தங்கை பாலீன் அதே தெருவில் இருந்தாள். நான் முதலில் போகிறேன், நீ முடித்துவிட்டு வா என்று சொல்லிவிட்டுப் போனாள். சண்டை கிண்டை எதுவும் இல்லை. நெவில் சலவைக் கடை ஒன்றின் மாடியில் ஒற்றை அறை எடுத்துக்கொண்டார். குழுவில் யாராவது மொரீன் எப்படி இருக்கிறாள் என்று கேட்டால் நன்றாக இருக்கிறாள் என்பார், உடனே வானிலையைப் பற்றிப் பேசுவார். அவள் பேச்சை எடுத்தாலே அவருக்கு அழுகை வந்துவிடும். அதை அடுத்தவருக்குக் காட்டுவதில் அவருக்கு விருப்பமில்லை.

இரண்டு வருஷம் அப்படிப் போனது. போன ஏப்ரலில்தான் அவர் எழுந்தார்.

வழக்கமாக ஒத்திகை பார்க்கிற ஸ்டூடியோவில் தண்ணீர் புகுந்துவிட்டது. வேறு இடம் தேடி, கடைசியில் அந்தப் பழைய கூடமே கிடைத்தது. மிஸஸ் கேட் போய்ச் சேர்ந்து பல காலம். ஆனால் தொட்டி அதே தொட்டி, அலமாரியில் நிஜக் கோப்பைகள் இருந்தன. நெவில் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தார். ஒத்திகை முடிந்து மற்றவர்கள் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தொட்டிக்குப் போனார். ஒவ்வொன்றாகக் கழுவினார். வெந்நீர் விரல்களுக்கு இதமாக இருந்தது. டிரம்ஸ் அடிக்கிற ஜாஸ் என்ற இளைஞன் நடுவில் வந்து, கழுவிக் கவிழ்த்திருந்த கோப்பை ஒன்றை எடுத்து, மிச்சத் தேநீரை ஊற்றிக் குடித்துவிட்டு மறுபடி தொட்டியிலேயே போட்டான். நெவில் அதையும் கழுவினார். துடைத்து அடுக்கினார். துணியை மாட்டினார். கீபோர்டு வாசிக்கிற தாம்சின்தான் இப்போது குழுவை நடத்துகிறவள். நாற்பதைத் தாண்டியவள், கெட்டிக்காரி. அவளைப் பார்த்து நின்று, "சரி, அப்போ" என்றார்.

"நெவ், நீங்க தங்கம்" என்றாள் தாம்சின். "பார்க்கலாம்."

எவ்வளவு நாசூக்காக எடுத்துக்கொண்டாள் என்று நினைத்துக்கொண்டே அவர் காருக்குப் போனார். உட்கார்ந்ததும் கைப்பேசியை எடுத்தார். அங்கிருந்தே மொரீனைக் கூப்பிட்டார்.

"கழுவிட்டேன்" என்றார்.

"எல்லாத்தையுமா?"

"டீ வடிகட்டியக்கூட விடல."

மொரீன் சிரித்தாள், பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. ஒப்புக்கொண்ட நிகழ்ச்சிகளை முடித்துக் கொடுப்பதுதான் முறை என்றும், அக்டோபரில் கடைசி நிகழ்ச்சி முடிந்ததும் நேராக வந்துவிடுவதாகவும் அவர் சொன்னார். பின்னறையை ஒழித்து வைக்கிறேன், உன் கிட்டார்களை வைக்க ஈரம் ஏறாத அறை அதுதான் என்றாள் அவள்.

அந்தக் கோடை முழுக்க நெவில் இளவயதுக்காரர் மாதிரி நடந்தார். குழுவில் யாரும் அவர் விலகுவதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அது அவருக்குக் கொஞ்சம் வலித்தது. ஆனால் செய்கையில் காட்டினார்கள் என்றே அவர் நினைத்தார். மேடையில் அவருக்கு ஒரு நல்ல நாற்காலி வந்தது. அவருடைய பெட்டிகளை ஜாஸ் தூக்க ஆரம்பித்தான். பிறந்தநாளுக்குத் தாம்சின் எலுமிச்சை கேக் செய்துகொண்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் முறை வைத்து யாராவது ஒருவர் அவரைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். பிரிவுபசாரத்தை இப்படித் தவணை முறையில் செய்கிறார்கள் பிள்ளைகள் என்று எண்ணி அவர் உருகிப்போனார். தன் இடத்துக்கு ரூபர்ட்டைக் கூப்பிட்டிருப்பார்கள் என்றும் யூகித்தார். ஆரம்பத்தில் இருந்தவன் ஒருவன் வேண்டுமே.

செப்டம்பரில் சுவரொட்டி வெளிவந்தது. அடுத்த வசந்தகாலத்தில் கிளாஸ் ஹெரான் சுற்றுப்பயணம், இருபத்தாறு ஊர்கள். நடுவில் நெவிலின் முகம், வாசலை அடைக்கிற அளவுக்கு.

அவருக்கு முன்னால் மொரீன் பார்த்துவிட்டாள். அவளே கூப்பிட்டாள். பாலீன் கம்ப்யூட்டரில் காட்டினாள், படம் நன்றாக வந்திருக்கிறது என்று மட்டும் சொன்னாள். ஏதோ தப்பு நடந்திருக்கிறது, சரிசெய்துவிட்டு நானே கூப்பிடுகிறேன் என்று இவர் தடுமாறினார். "சரி, நெவில்" என்றாள். அந்தச் சரியில் ஒரு ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

மறுநாளே ரூபர்ட்டைப் பார்க்க டீல் நகரத்துக்கு ஓட்டிப் போனார். ரூபர்ட் பியானோ பழுது பார்த்துப் பிழைத்து, அதையும் விட்டுவிட்டு, கடற்கரைத் தெருவில் ஒரு கிழட்டு நாயோடு இருந்தான். இருவரும் அங்கே இங்கே கல்யாணம் சாவுகளில் பார்த்துக்கொண்டதுதான். உன்னை யாராவது குழுவுக்குக் கூப்பிட்டார்களா என்று நெவில் கேட்டார். என்னை யார் கூப்பிடப் போகிறார்கள் என்றான் ரூபர்ட். அப்போது நெவில் ஏப்ரலில் நடந்த கதை முழுவதையும் சொன்னார். ரூபர்ட் சிரித்த சிரிப்பில் நாய் எழுந்து வேறு அறைக்குப் போய்விட்டது.

"டேய், அந்தப் பிள்ளைங்களுக்குக் கப்பு விஷயம் எப்படிடா தெரியும்? யார் சொன்னது?"

"நான்தான். வேன்ல எத்தனை தடவ சொல்லியிருக்கேன்."

"நீ வேன்ல பேசறத எவன்டா கேட்பான்? அஞ்சு வருஷம் உன் பக்கத்துல உட்கார்ந்து வந்தேன், நானே கேட்டதில்ல."

அது உண்மைதான். நெவில் கதை ஆரம்பித்தாலே நாலு பேரும் காதில் எதையாவது மாட்டிக்கொள்வார்கள். இந்தக் காலத்தில் விலகுகிறவர்கள் கைப்பேசியில் ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டுப் போகிறார்கள். ஒத்திகையில் காகிதக் கோப்பைதான், குடித்துவிட்டுக் கூடையில் போட்டுவிடுவார்கள். கோப்பை கழுவுகிற கிழவரைப் பார்த்தால் நல்ல மனுஷன் என்றுதானே நினைப்பார்கள்? நெவிலுக்கு முகமெல்லாம் சுட்டது. ஐந்து மாதம் தன்னை விடுதலையானவன் என்று நினைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். உலகத்தில் அது மொரீனுக்கும் அவருக்கும் மட்டுமே தெரியும்.

ரூபர்ட் சிரிப்பை நிறுத்திவிட்டு வேறு ஒன்று கேட்டான்.

"அன்னைக்கு நான் கழுவினப்போ நீ பக்கத்துல நின்னு துடைச்சுக் குடுத்தியே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. ஒத்தையா நின்னு கழுவறியேன்னு வந்தேன்."

"எவனாவது ஒருத்தன், டேய் வைடா கப்பைன்னு சொல்வான்னு பார்த்தேன். ஒவ்வொண்ணையும் ரெண்டு ரெண்டு தடவ கழுவினேன். நீ என்னடான்னா பளபளன்னு துடைச்சு அடுக்கற."

நான் சொல்லியிருந்தால் இருந்திருப்பாயா என்று நெவில் கேட்டார். இருந்து தொலைத்திருப்பேன், நீ சொல்லாததே நல்லது என்றான் ரூபர்ட். என் இடத்துக்கு வருகிறாயா, ஒருவன் இருந்தால் போதும் என்று நெவில் கெஞ்சாத குறையாகக் கேட்டதற்கும் அவன் மசியவில்லை. உன்னை வெளியே விடுவதற்காக நான் உள்ளே வரவேண்டுமா என்றான். வாசல்வரை வந்து காருக்குள் குனிந்து, "வாயத் திறந்து சொல்லுடா. தமாஷா இருக்கும், சொல்லிப் பாரு" என்றான்.

சொல்வதற்குத்தான் நாள் பார்த்தார். நாள் வந்தபாடில்லை. ஒரு வாரம் ஜாஸின் குழந்தைக்குக் காய்ச்சல். ஒரு வாரம் தாம்சின் வேனைப் பழுது பார்த்துக் கரி பூசிய கையோடு நின்றாள். இருபத்தாறு ஊர்களின் டிக்கெட்டுகளும் விற்க ஆரம்பித்துவிட்டன. நாலு பேரின் சோற்றில் மண்ணைப் போடுகிற சொல்லை அவர் வாயில் வைத்துக்கொண்டு அலைந்தார். மேடையில் ஒளி விழுந்ததும் முன்வரிசையில் அதே முகங்கள் தெரியும். ஏழு தாளம் ஆரம்பிக்கும். எங்கே எந்த விரல் போகவேண்டும் என்று அவருக்குத் தெரிவதற்கு முன்பே கைக்குத் தெரியும். யாரோ தன்னை ஒரு பெட்டியில் வைத்து ஊர் ஊராக ஏற்றி இறக்குவதாக இருந்தது. மொரீனைக் கூப்பிடவும் இல்லை. சரிசெய்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று சொன்ன மனிதர், சரிசெய்யாமல் எந்த முகத்தோடு கூப்பிடுவார்?

அக்டோபரின் கடைசி நிகழ்ச்சி லெமிங்டனில், ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில். ரசிகர்களுக்கு வயதாகிவிட்டதால் இப்போதெல்லாம் பிற்பகல் நிகழ்ச்சிக்குத்தான் கூட்டம். ஒலியைச் சரிபார்த்து முடித்ததும் மற்ற மூவரும் சாண்ட்விச் சாப்பிட உள்ளே போனார்கள். மேடையில் தாம்சின் மட்டும் கீபோர்டின்மேல் குனிந்திருந்தாள். நெவில் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். உட்கார்ந்துகொண்டு சொல்கிற விஷயம் இல்லை என்று பட்டது.

"தாம்சின், நான் விலகறேன். இன்னிக்கோட சரி. வசந்தத்துக்கு நான் வரல."

அவள் நிமிர்ந்தாள். திட்டுவாள், அழுவாள், டிக்கெட் விற்றுவிட்டதே என்பாள் என்று எதிர்பார்த்து அவர் கிட்டாரைக் கேடயம் மாதிரிப் பிடித்துக்கொண்டார். தாம்சினோ மெல்லக் கீபோர்டு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"உடம்புக்கு ஏதாவதா? உண்மையச் சொல்லுங்க."

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. நான் வீட்டுக்குப் போறேன்."

"எந்த வீட்டுக்கு, நெவ்?" அவள் குரல் இறங்கிப்போயிருந்தது. "தப்பா எடுத்துக்காதீங்க. மொரீன் உங்கள விட்டுட்டுப் போனதுலேர்ந்து நீங்க அந்த ஒத்த ரூம்ல... நாங்க எல்லாரும் பேசிக்கிட்டோம். இதையும் நிறுத்திட்டா நீங்க ஒரு மாசம் தாங்கமாட்டீங்கன்னு."

"எல்லாருமா?" என்றார் நெவில்.

மற்றதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. ஜாஸுக்கு லண்டனில் ஒரு நாடக அரங்கில் நிரந்தர வேலை போன வருஷமே கிடைத்ததாம். இன்னும் இடத்தை வைத்திருக்கிறார்களாம். தாம்சினை ஒரு பள்ளிக்கூடத்தில் இசைப் பிரிவுக்குத் தலைவியாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். மற்ற இருவருக்கும் இந்த வேனும் இந்த சாண்ட்விச்சும் போதும் போதும் என்றாகிவிட்டது. ஏப்ரலிலேயே குழுவைக் கலைத்துவிடுவதாக இருந்தார்களாம். அன்றைக்கு அந்தக் கூடத்தில் அவர் ஒண்டியாக நின்று எல்லோருடைய கோப்பைகளையும் கழுவிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் யாருக்கும் சொல்ல மனசு வரவில்லையாம். அதற்குப் பிறகுதான் நாற்காலி, கேக், ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு, இருபத்தாறு ஊர்.

"உங்களுக்காகத்தான் அந்த டூரையே போட்டோம்" என்றாள் தாம்சின்.

நெவிலுக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது, எது முதலில் வந்ததென்று அவருக்கே தெரியாது. யாரும் யாரையும் விட்டுவிட்டுப் போகவில்லை என்றார். அவள் விட்பியில் காத்துக்கொண்டிருக்கிறாள், பின்னறையை ஒழித்து வைத்திருக்கிறாள் என்றார். ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவருக்குப் பழக்கமில்லை. தாம்சின் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு ஓடிவந்து, நடுவில் கிட்டார் இருந்ததைப் பொருட்படுத்தாமல் அவரைக் கட்டிக்கொண்டாள். இந்த ஊரில் யாரும் யாரையும் அப்படிக் கட்டிக்கொள்வதில்லை. கிட்டார் ஒரு அலறு அலறியது.

"போங்க. போய் அவங்ககிட்ட சொல்லுங்க. நான் பசங்ககிட்ட சொல்றேன்."

அவர் பின்வாசல் வழியாகக் கார் நிறுத்துமிடத்துக்குப் போனார். மழை விட்டிருந்தது. வேன் பக்கத்தில் நின்றுகொண்டு மொரீனைக் கூப்பிட்டார். அவள் உடனே எடுத்தாள்.

"சொல்லிட்டேன்" என்றார். "வாயத் திறந்தே சொல்லிட்டேன், மொரீன். அவங்களும் விடறாங்க. எல்லாம் முடிஞ்சுது. இன்னிக்கு வாசிச்சிட்டு அப்படியே கிளம்பி வரேன்."

"நல்லது, நெவில்" என்றாள். தொலைவில் ஏதோ பாத்திரச் சத்தம், யாரோ ஒரு பெண் எதையோ கேட்டது, மொரீன் இதோ வருகிறேன் என்று சொன்னது.

"யாரு?"

"பாலீன். வீட்ட வாடகைக்கு விட்டுட்டு இங்கயே வந்துட்டா. பின்ரூம்ல இருக்கா."

"நான்தான் சரிபண்ணிட்டுக் கூப்பிடறேன்னு சொன்னேனே."

"சொன்ன."

அவர் வேனின் பக்கவாட்டில் கையை ஊன்றிக்கொண்டார். கோபமா என்று கேட்டார். கோபத்துக்குச் சமாதானம் சொல்ல அவருக்குத் தெரியும். ஐம்பது வருஷப் பழக்கம்.

"கோபமா இருந்தா உன்ன அன்னைக்கே திட்டியிருப்பேன்" என்றாள் மொரீன். ரொம்ப மெதுவாகப் பேசினாள், அவருக்கு வலிக்கக்கூடாது என்று. "அந்த போஸ்டரப் பார்த்தப்போ எனக்கு நிம்மதியா இருந்துது, நெவில். நீ வரலன்னு தெரிஞ்சதும் உடம்பே லேசாயிடுச்சு. எனக்கே ஆச்சரியம். அப்பறம்தான் யோசிச்சேன், நான் இங்க நல்லாத்தானே இருக்கேன்னு. இத உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியாம இருந்தேன்."

நெவில் வேன் கண்ணாடியில் இருந்த மழைத்தண்ணீரை விரலால் வழித்தார்.

"கிறிஸ்துமஸுக்கு வா" என்றாள். "நாலு நாள் இருந்துட்டுப் போ. பாலீன் சோபாவுல படுத்துக்கறேன்னு சொல்றா."

சரி என்றார். உடம்பைப் பார்த்துக்கொள் என்றார். குளிருக்கு முன்னால் வீட்டைச் சூடாக்குகிற கொதிகலனை ஆளை விட்டுப் பார்க்கச் சொல்லு என்றார். அவளும் சரி என்றாள். கைப்பேசியைப் பையில் போட்ட பிறகும் அவர் அங்கேயே நின்றார். மக்கள் குடையை உதறிக்கொண்டு முன்வாசல் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவர் அவரை அடையாளம் கண்டு தூரத்திலிருந்தே கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். நெவிலும் பதிலுக்கு உயர்த்தினார். இனி எங்கே போவது என்பதை அவர் மெதுவாகத்தான் யோசித்தார். சலவைக் கடை மாடி அறை ஒன்று இருக்கிறது. வேறொன்றும் அவருக்குத் தோன்றவில்லை.

உள்ளே ஒப்பனை அறையில் கல்யாண வீடு மாதிரி இருந்தது. தாம்சின் சொல்லிவிட்டிருக்கிறாள். இத்தனை வருஷத்தில் அந்த நாலு பேர் இவ்வளவு சத்தமாகச் சிரித்து அவர் கேட்டதில்லை. கிட்டார் வாசிக்கிறவன் அவர் தோளில் தட்டி, பெரிசு, எங்க எல்லாரையும் ஏமாத்திட்டீங்களே என்றான். ஜாஸ் மூலையில் கைப்பேசியில் வேகமாகக் கட்டை விரலால் எழுதிக்கொண்டிருந்தான். லண்டனுக்கு, நான் வருகிறேன் என்று. இவரைப் பார்த்ததும் வெட்கப்பட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பில் அவனுக்குப் பத்து வயது குறைந்திருந்தது.

"என்ன சொன்னாங்க மொரீன்?" என்று தாம்சின் கேட்டாள். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

நெவில் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டுக்கொண்டார். பேசாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தார். ஆனால் இன்றைக்கு வாய் திறந்துகொண்டுவிட்டது, மூட வரவில்லை.

"ஜாஸ், அத இன்னும் அனுப்பலன்னா கொஞ்சம் நிறுத்து" என்றார். "வசந்தத்துக்குப் போட்ட தேதியெல்லாம் அப்படியே இருக்கட்டுமே."

ஜாஸ் கைப்பேசியைப் பார்த்தான், தாம்சினைப் பார்த்தான். பிறகு எழுதியதை ஒவ்வொரு எழுத்தாக அழித்துவிட்டு அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். கிட்டார்க்காரன் சுவரில் சாய்ந்தான். நெவிலுக்குத் தான் செய்வது என்னவென்று நன்றாகத் தெரிந்தது. தெரிந்தேதான் அவர்கள் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

தாம்சின்தான் முதலில் சுதாரித்துக்கொண்டாள். அவள் நல்ல பெண்.

"கண்டிப்பா, நெவ்" என்றாள். "எங்களுக்கும் அதான் ஆசை."